உள்நாட்டு விவகாரமா, உலக நீதியா?
தென்னாப்பிரிக்க வரலாறு தரும் படிப்பினை

ஒரு நாட்டின் எல்லைக்குள் ஒரு மக்கட் கூட்டம் பிறப்பின் பெயரால் தாழ்த்தப்படுமானால், அதனைத் தட்டிக் கேட்க உலகத்திற்கு உரிமை உண்டா? அனைத்துலக அரசியலின் அடிப்படைச் சிக்கல்களுள் இது தலையாயது. 'இஃது எங்கள் உள்நாட்டு விவகாரம். அயலார் தலையிடலாகாது' என்பது அரசுகளின் வாதம். 'மனிதனின் மாண்பு எந்நாட்டு எல்லைக்குள்ளும் அடங்குவதன்று' என்பது ஒடுக்கப்பட்டோரின் வாதம். இவ்விரு வாதங்களும் மோதிய களங்களுள் தென்னாப்பிரிக்கா முதன்மையானது. அரசியலும் பொருளாதாரமும் மனித உரிமையும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதையும் அவ்வரலாறு காட்டுகிறது. ஆகவே அதனை நாம் ஈண்டுச் சற்று விரிவாகக் காண்போம்.

வழக்கு உலக மன்றம் ஏறிய கதை

1860ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டால் கரையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதல் சென்றவர்கள் அதில் இருந்தனர். அவ்வழியே பின்னர்ச் சென்றோருள் தமிழ் மக்கள் பலர். அவர்களுள் தாழ்த்தப்பட்ட குடியினரும் இருந்தனர். சாதிக் கொடுமையை விட்டுக் கடல் கடந்தவர்களை அங்கே நிறக்கொடுமை எதிர்கொண்டது.

1946இல் தென்னாப்பிரிக்க அரசு, இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. இந்தியா இதனை ஐக்கிய நாடுகள் சபையின் முன் முறையிட்டது. வாணிக உறவையும் அறுத்துக்கொண்டது. அப்போது இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 விழுக்காடு அந்நாட்டிற்குச் சென்றுகொண்டிருந்தது. அந்த நட்டத்தை ஏற்றே இந்தியா இம்முடிவை எடுத்தது.

சபையில் இந்தியத் தூதுக்குழுவிற்கு விஜயலட்சுமி பண்டிட் தலைமை தாங்கினார். எதிர்த்து வாதிட்டவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முன்னுரையை உருவாக்குவதில் பங்கு கொண்டவர் இதே ஸ்மட்ஸ்தான். 'அடிப்படை மனித உரிமைகள்' என்று உலகுக்கு எழுதித் தந்தவர், தம் நாட்டின் செய்தி வந்தபோது உள்நாட்டு விவகாரங்களில் தலையிடுவதைத் தடுக்கும் விதியின் பின் ஒதுங்கினார். 1946 டிசம்பர் 8ஆம் நாள் இந்தியாவின் சார்பான தீர்மானம் 32 வாக்குகளுக்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியது.

அதே ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்கு மனு அளித்ததை அறிந்த அண்ணல் அம்பேத்கர், அறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மனுவின் படிகளைக் கேட்டார். இந்தியத் தீண்டாதாரும் அவ்வழியைப் பின்பற்ற எண்ணுவதாகத் தெரிவித்தார். டூ பாய்ஸ் பரிவுடன் விடையளித்தார். வெவ்வேறு கண்டங்களில் வாழ்ந்த ஒடுக்கப்பட்டோர் ஒரே கதவைத் தட்ட முனைந்தனர் என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

சட்டமாகிய கொடுமை

1948ஆம் ஆண்டு மே திங்களில் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கொள்கையுடைய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் உலக மனித உரிமைப் பிரகடனம் பாரிசு நகரில் ஏற்கப்பட்டது. 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவர் எவருமிலர், வாக்களியாது விலகிய 8 நாடுகளுள் தென்னாப்பிரிக்காவும் ஒன்று.

1950இல் மக்கள் அனைவரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டமும், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டமும் வந்தன. நிலத்தைப் பொறுத்தவரை, 1913, 1936ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, பெரும்பான்மையினரான ஆப்பிரிக்க மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடே ஒதுக்கப்பட்டிருந்தது. அனுமதிச் சீட்டு இன்றி அவர்கள் நகரங்களில் நடமாடவும் இயலாது. ஊர்த்தெருவும் சேரியும் பிரிந்து கிடந்த நாட்டில் பிறந்த நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இவற்றுள் நஞ்சு மிக்கது 1953ஆம் ஆண்டின் பாந்து கல்விச் சட்டம். சில வகைக் கூலி வேலைகளுக்கு மேல் ஆப்பிரிக்கருக்கு வெள்ளையர் சமுதாயத்தில் இடமில்லை. ஆகவே அதற்கு மேற்பட்ட கல்வியும் வேண்டுவதில்லை என்பது அதனைக் கொண்டுவந்த வெர்வூர்டின் கருத்து. 1970களின் நடுவில் ஒரு வெள்ளை மாணவனுக்காக அரசு செலவிட்ட தொகை, ஓர் ஆப்பிரிக்க மாணவனுக்குச் செலவிட்டதைப் போல் பத்து மடங்கிற்கும் மேலாக இருந்தது. பள்ளியை மூடாமலே அறிவை மறுக்க முடியும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

தராசில் தங்கம்

1960 மார்ச் 21ஆம் நாள் ஷார்ப்வில் என்னுமிடத்தில் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவல் துறை சுட்டது. அரசின் கணக்கின்படியே 69 பேர் மாண்டனர். 1962இல் ஐ.நா. பொதுச்சபை, தென்னாப்பிரிக்காவுடன் தூதரக உறவையும் வாணிகத்தையும் துண்டிக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆயினும் நிறவெறி அரசு அசையவில்லை. ஏன்?

விடை மண்ணுக்கடியில் இருந்தது. 1970ஆம் ஆண்டில் மட்டும் தென்னாப்பிரிக்கா 1,000 டன் தங்கத்தை வெட்டி எடுத்தது. அவ்வாண்டு உலகில் எடுக்கப்பட்ட தங்கத்தில் இது பாதிக்கும் மேலாகும். அச்சுரங்கங்களில் உழைத்த கறுப்பினத் தொழிலாளரின் உண்மைக் கூலி, 1911இல் இருந்ததைக் காட்டிலும் 1960களின் இறுதியில் உயர்ந்திருக்கவில்லை என்று பொருளாதார அறிஞர் பிரான்சிஸ் வில்சன் ஆராய்ந்து காட்டினார். மலிவான உழைப்பில் விளைந்த ஆதாயம் மேலைநாட்டு முதலீட்டாளர்களையும் சென்றடைந்தது. வல்லரசுகளின் பனிப்போரும் அவ்வரசுக்குக் கேடயமாயிற்று. 1974இல் தென்னாப்பிரிக்காவை ஐ.நா.விலிருந்து நீக்கும் முயற்சியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு ஆகிய மூன்றும் 'வீட்டோ' அதிகாரத்தால் ஒருங்கே தடுத்தன. மனித உரிமை பேசிய நாவுகளே அங்குத் தடை மொழிந்தன.

மாணவர் எழுந்தனர்

1976 ஜூன் 16ஆம் நாள் சொவெட்டோவில் பள்ளி மாணவர்கள் வீதிக்கு வந்தனர். ஆட்சியாளரின் ஆப்ரிக்கான்சு மொழியில் பாடங்களைப் பயிலவேண்டும் என்ற கட்டாயமே உடனடிக் காரணம். துப்பாக்கிகள் அவர்களுக்கு விடை கூறின. அன்று தொடங்கிய கிளர்ச்சியில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மறு ஆண்டு இளந்தலைவர் ஸ்டீவ் பிக்கோ காவலில் உயிர் நீத்தார். 1977 நவம்பரில் பாதுகாப்புச் சபை, படைக்கலம் விற்பதற்குக் கட்டாயத் தடை விதித்தது.

1980களில் உள்நாட்டுக் கிளர்ச்சி ஓங்கவே, முதலீட்டாளர்க்கு அச்சம் பிறந்தது. 1985இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்தது. பிற வங்கிகளும் தொடர்ந்தன. ராண்ட் நாணயம் சரிந்தது. 1986இல் அமெரிக்கக் காங்கிரசு, அதிபர் ரீகனின் மறுப்பையும் மீறிப் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1987இல் சுரங்கத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். 1990 பிப்ரவரி 11ஆம் நாள் நெல்சன் மண்டேலா விடுதலையானார். 1994 ஏப்ரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்தனர்.

இந்நிகழ்ச்சிகளின் வரிசையை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். உலகத்தின் மனச்சான்று தானாக விழிக்கவில்லை. முதலில் ஒடுக்கப்பட்டோர் அணிதிரண்டனர். அதனால் அநீதி ஆதாயமற்ற தொழிலாயிற்று. அதன் பின்னரே வல்லரசுகள் அசைந்தன.

வாக்குரிமை பெற்றதும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2017இல் தென்னாப்பிரிக்க அரசு வெளியிட்ட நிலக் கணக்கெடுப்பின்படி, தனியார் பெயரிலுள்ள விளைநிலங்களில் 72 விழுக்காடு வெள்ளையர் கையிலேயே இருந்தது. அரசியல் சமத்துவமும் பொருளாதாரச் சமத்துவமும் ஒருசேர நடவாவிடில் முன்னது நிலைபெறாது என்று அண்ணல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்ததன் பொருள் இங்கும் விளங்கும்.

நம்மை நோக்கி ஒரு வினா

1965இல் ஐ.நா. ஏற்ற இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் 'பிறப்பு வழி' என்ற பொருள்படும் சொல் இடம்பெற்றது. அதனைச் சேர்க்கச் சொன்னது இந்தியாவே. அச்சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 1996இலும் 2002இலும் தெளிவுபடுத்தியது. இவற்றிற்கு இடையே, 2001இல் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியது. கூடிய இடம் நேட்டாலின் டர்பன் நகரம். 1860இல் நம் மக்களின் கப்பல் அணைந்த அதே துறைமுகம். சாதிக் கொடுமையையும் அங்கே விவாதிக்கவேண்டும் எனத் தாழ்த்தப்பட்டோர் அமைப்புகள் வேண்டின. சாதி என்பது இனமன்று. நம் அரசியல் சட்டமே அதனைக் கவனித்துக்கொள்ளும் என்று இந்திய அரசு மறுத்துவிட்டது.

தீண்டாமையை ஒழித்த 17ஆவது விதியையும், 1955, 1989ஆம் ஆண்டுச் சட்டங்களையும் நாம் குறைத்து மதிக்கவில்லை. அவை நம் முன்னோர் போராடிப் பெற்றவை. ஆயினும் 1946இல் ஸ்மட்ஸ் கூறிய 'உள்நாட்டு விவகாரம்' என்னும் வாதம் செல்லாதெனில், 2001இல் மட்டும் அது எங்ஙனம் செல்லும்?

இளைஞர்களே! சங்கத்தின் வெள்ளி விழா ஆண்டில் உங்கள்முன் இவ்வினாவை வைக்கின்றோம். பட்டம் பெறுவதோடு நம் கல்வி நின்றுவிடலாகாது. சட்டத்தைக் கல்லுங்கள், பொருளாதாரத்தையும் உலக நாடுகளின் வரலாற்றையும் கல்லுங்கள். உங்கள் ஊரில் நிகழும் ஒவ்வோர் அநீதியையும் நாள், இடம், சான்று ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். எந்த மன்றத்தின் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படுவது ஆதாரமே. அதனைத் திரட்டித் தரவல்ல தலைமுறை நம் ஊர்ப் பள்ளிகளிலிருந்தே எழவேண்டும்.