பேனல் அறைச் சுவரில் ஒரு படம்

பழைய ஆலைகளின் பேனல் அறைச் சுவரில் ஒரு படம் தொங்கும். மரச்சட்டம், கண்ணாடி, கண்ணாடிமேல் படிந்த பஞ்சுத்தூசி. உள்ளே கோட்டுச் சித்திரமாக ஒருவர் குப்புறக் கிடப்பார். இன்னொருவர் முழங்காலூன்றி, கிடப்பவரின் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். மின் அதிர்ச்சிக்கு ஆளானவரை மீட்கும் முறை என்று பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். இந்தப் படத்தைச் சுவருக்குக் கொண்டுவந்தது சட்டம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 44ஆவது விதி, மின்சாரம் பயன்படும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இந்த அறிவுரைகளைக் கண்ணில் படும் இடத்தில், ஆங்கிலம் அல்லது இந்தியிலும் அந்த மாவட்டத்தின் மொழியிலும் மாட்ட வேண்டும் என்றது. அதே விதி இன்னொன்றும் சொன்னது: அந்த அறிவுரைகளைத் தெரிந்துவைத்து, செய்யும் திறனோடு இருக்க வேண்டியவர்கள் ‘அதிகாரம் பெற்ற நபர்கள்’. மற்றவர்களைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆகப் படம் எல்லோர் கண்ணிலும் படும். பயிற்சி எலக்ட்ரீஷியனுக்கும் அவரைச் சேர்ந்த சிலருக்கும் மட்டும். மின்சாரத் தொழிலில் இல்லாத தொழிலாளிக்கு மின் பாதுகாப்பு கற்றுத்தரும் வழக்கம் இவ்வளவு தாமதமாக வந்ததற்கும், வந்த பிறகும் பல இடங்களில் சடங்காக நின்றுபோனதற்கும் இந்தப் பிரிவினைதான் காரணம் என்பது என் வாதம்.

பிரிவினை நம் ஊரில் பிறந்ததல்ல. பிரிட்டனில் தொழிற்சாலைகளுக்கென்று 1908இல் வந்த மின்சார ஒழுங்குவிதிகளிலேயே இரண்டு பாதியும் இருக்கின்றன. ஆபத்தைத் தவிர்க்கத் தொழில்நுட்ப அறிவு வேண்டிய எந்த வேலையையும் அதிகாரம் பெற்றவரோ, அவருடைய நேரடி மேற்பார்வையில் திறமையுள்ள ஒருவரோதான் செய்யலாம் என்றது ஒரு விதி. அதிர்ச்சிக்கான சிகிச்சைக் குறிப்பைச் சுவரில் ஒட்டச் சொன்னது இன்னொரு விதி. அந்தக் காலத்துக்கு இது நியாயமான ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. மின்சாரம் புதிது, அறிந்தவர்கள் மிகச் சிலர், அறியாதவர்களை விலக்கி நிறுத்துவதே உயிரைக் காக்கும் வழியாக இருந்தது. அப்போது மின்சாரமும் பெரும்பாலும் ஓர் அறைக்குள் அடங்கியிருந்தது. ஜெனரேட்டரும் சுவிட்ச் போர்டும் இருக்கும் அறைக்குப் பூட்டுப் போட்டால் ஆபத்துக்கே பூட்டுப் போட்டதுபோல.

அந்தப் பூட்டு எப்போது பயனற்றுப் போனது என்பதைக் கோயம்புத்தூரின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம். 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில் காலத்து ஆலை என்றால் நீராவி எஞ்சின், கூரையை ஒட்டி ஓடும் நீண்ட இரும்புத் தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கும் தோல் பெல்ட். அந்தப் பெல்ட் ஆளைக் கொன்றது. வேட்டி நுனியைப் பிடித்து ஆளையே சுருட்டி மேலே கொண்டுபோகக் கூடியது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது. அதன் பக்கம் போகக் கூடாது என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் எடுத்த மின்சாரம் 66,000 வோல்ட் கம்பியில் கோயம்புத்தூருக்கு இறங்கியது. 1937இல் மேட்டூரும் சேர்ந்துகொண்டது. முப்பதுகளில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆலைகள் பெருகியதற்கு இந்த மின்சாரம் பெரிய காரணம். நாளடைவில் கூரைத் தண்டு போய், எந்திரத்துக்கு எந்திரம் தனி மோட்டார் வந்தது. ஆபத்தின் உருவமே மாறிவிட்டது. பேனல் அறைக்குள் அடைபட்டிருந்த மின்சாரம் ஸ்டார்ட்டராக, தரையில் கிடக்கும் கேபிளாக, கைவிளக்காக, வெல்டிங் செட்டாக, கிணற்று மேட்டில் பம்ப்செட்டாக எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்தது. சட்டம் மட்டும் கதவில் பூட்டுத் தொங்கும் அறையையே இன்னும் மனத்தில் வைத்திருந்தது.

இதற்குச் சட்டத்துக்குள்ளேயே சாட்சி உண்டு. 1956 விதிகளின் 45ஆவது விதி, மின்னமைப்பு வேலை எதையும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டு, சிலவற்றுக்கு விலக்கு தந்தது. பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை, அமைப்பின் கொள்ளளவும் தன்மையும் மாறாதபடி, மற்றவர்களும் மாற்றலாம் என்றது. விதி எழுதியவர்களுக்கு நடைமுறை தெரிந்திருந்தது. ஃபியூஸ் போனால் யாரும் ஒப்பந்தக்காரருக்காகக் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் கொள்ளளவு மாறாமல் என்ற அந்தச் சின்ன நிபந்தனைக்குள் ஒரு பாடமே ஒளிந்திருக்கிறது. அதை யார், யாருக்கு, எங்கே சொல்லித்தருவது என்று விதியில் இல்லை. விளைவு, பீங்கான் ஃபியூஸ் கட்டையை உருவிப் பார்த்த எவருக்கும் தெரியும். இரண்டு பித்தளை நுனிக்கும் நடுவே தலைமுடிபோல ஒரு மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ ஒரு பழைய ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகளை மூன்று நான்காக முறுக்கிக் கட்டியிருக்கும். அடிக்கடி போகாமல் இருக்கட்டும் என்று செய்தது அது. செய்தவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. உற்பத்தி நிற்கிறது, மேஸ்திரி கத்துகிறார், கட்டையைத் தொடச் சட்டமே அனுமதிக்கிறது. கம்பி எதற்காக உருகுகிறது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

சொல்லியிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அது ஆளைக் காப்பாற்றாது. 230 வோல்ட்டில் எரியும் 40 வாட் குண்டு பல்பு எடுப்பது சுமார் 170 மில்லி ஆம்பியர். அதைவிடக் குறைந்த மின்னோட்டம் நெஞ்சின் வழியே பாய்ந்தாலே இதயம் நின்றுபோகலாம். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கோ அது ஒரு பல்பு கூடுதலாக எரிவதற்குச் சமம், அசையவே அசையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் நாற்பதுகளில் தன்னார்வலர்கள்மீது சோதனை நடத்தி, மின்கம்பியைப் பிடித்த கை எந்த அளவுக்கு மேல் தானாக விடுபட முடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. கரண்ட் அடிக்கும் என்பதோடு நில்லாமல், கரண்ட் பிடிச்சுக்கும் என்றும் நம் ஊரில் சொல்வது இதைத்தான். தசை இறுகிக் கை மூடிக்கொள்கிறது. விட வேண்டும் என்று அவர் நினைத்தாலும் விட முடியாது. பிடித்திருப்பவரை இழுக்கப் போகிறவர் ஏன் வெறுங்கையால் தொடக் கூடாது, ஏன் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொள்ள மின்பொறியியல் படிக்க வேண்டுமா?

சுவர்ப் படத்துக்குத் திரும்புவோம். அந்தச் சித்திரத்துக்கே ஒரு வரலாறு உண்டு. குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தும் முறை பிரிட்டிஷ் உடலியலாளர் எட்வர்ட் ஷேஃபர் 1903ஐ ஒட்டி முன்வைத்தது. நீரில் மூழ்கியவரின் நுரையீரலுக்குள் காற்றை வரவழைப்பது அதன் நோக்கம். மின் அதிர்ச்சியில் பல வேளை நிகழ்வது வேறு: இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்குகிறது, ரத்தம் ஓடுவதில்லை. மூச்சை மட்டும் மீட்டு அதைச் சரிசெய்ய முடியாது. அமெரிக்காவில் கம்பி வேலை பார்த்தவர்கள் இப்படி வரிசையாக மாண்டதால், இருபதுகளில் மின் நிறுவனங்களே பணம் கொடுத்து ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதில் இறங்கியவர் வில்லியம் கூவென்ஹோவன். மருத்துவர் அல்ல, மின்பொறியாளர். முப்பது ஆண்டுகள் போயின. 1958இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கை நிக்கர்பாக்கர் என்ற இளம் பொறியாளர், நாயின் நெஞ்சின்மேல் கனமான மின்முனைகளை அழுத்தி வைக்கும்போதே, மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே, ரத்த அழுத்தம் சற்று ஏறுவதைக் கவனித்தார். வெளியிலிருந்து நெஞ்சை அழுத்தினாலே ரத்தத்தை ஓட வைக்கலாம் என்ற அறிவு அதிலிருந்து வந்தது. மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்து மூவரும் 1960இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அதை வெளியிட்டார்கள். இன்று உலகமெங்கும் சி.பி.ஆர். என்று சொல்லிக்கொடுப்பதில் நெஞ்சழுத்தம் என்ற பாதி, மின்தொழிலாளிகளின் சாவிலிருந்து பிறந்தது.

பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். இரண்டு கைகள் இருந்தால் போதும் என்ற முறை கிடைத்த பிறகும், அதை யார் கையில் கொடுப்பது என்ற தயக்கம் நீண்டது. 1966இல் அமெரிக்காவில் வந்த பரிந்துரைகள் மருத்துவர்களுக்கும் மருத்துவத் துறை ஊழியர்களுக்கும் பயிற்சி தரச் சொன்னதோடு நின்றன. பொதுமக்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற முடிவு 1974இல் வெளியான நெறிமுறைகளில்தான் வந்தது. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் விலா எலும்பை உடைத்துவிடுவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. எலும்பு உடையத்தான் செய்தது. ஆனால் இதயம் நின்ற சில நிமிடங்களுக்குள் மருத்துவர் வந்து சேர முடியாது, பக்கத்தில் இருப்பவரால் முடியும். அந்தக் கணக்கு பயத்தை வென்றது. ஆலையிலும் கணக்கு அதேதான். மூன்றாவது ஷிஃப்டில் ஒருவர் விழும்போது எலக்ட்ரீஷியன் ஷெட்டின் மறுகோடியில் இருப்பார். பக்கத்து எந்திரத்தில் நிற்பவர் நூற்பு எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சைடர், நூல் நிரம்பிய பாபின்களை எடுக்கும் டாஃபர், ஃபிட்டர், பெருக்குபவர்.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தை நான் ஒதுக்கவில்லை. கொஞ்சம் கற்றுக்கொடுத்தால் தைரியம் வந்து பேனலைத் திறந்துவிடுவான், அதைவிடத் தொடாதே என்ற ஒற்றை உத்தரவே பாதுகாப்பு என்று அனுபவமுள்ள மேற்பார்வையாளர்கள் சொல்வதுண்டு. டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகியவுடன் தன்னை வயர்மேன் என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த வாதம் பயிற்சி என்றாலே பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பது என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1990இல் வெளியிட்ட மின்பாதுகாப்பு விதிகள் இரண்டையும் பிரித்துக் காட்டின. தகுதி பெற்றவர், பெறாதவர் என்ற பிரிவை அவை வைத்துக்கொண்டன. ஆனால் பெறாதவருக்கும் அவருடைய பாதுகாப்புக்குத் தேவையான பயிற்சி கட்டாயம் என்றன. ஆபத்து அதிகமுள்ள தொழில்களின் பட்டியலில் எலக்ட்ரீஷியனோடு பெயின்டர், வெல்டர், மெக்கானிக், எந்திரம் ஓட்டுபவர், பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவர், மேற்பார்வையாளர் எல்லோரும் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த, பழுதுபார்க்கும்போது சுவிட்சை அணைத்துப் பூட்டுப்போடும் விதியும் இப்படித்தான்: பூட்டுப் போடுபவருக்கு ஒரு பாடம், அந்த எந்திரத்தை ஓட்டுபவருக்கு வேறு பாடம். ஓட்டுபவர் கற்பது, பூட்டுத் தொங்கும்போது சுவிட்சைத் தொடக் கூடாது என்பதும் ஏன் கூடாது என்பதும். எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்கான பயிற்சியின் பெரும்பகுதி. தொடாதே என்ற உத்தரவு அதற்குள் அடக்கம்; காரணமும் சேர்ந்திருப்பதால், மேஸ்திரி பார்க்காத நேரத்திலும் அது நிற்கும்.

பழுதுபார்ப்பது எலக்ட்ரீஷியனின் வேலை என்றாலும், கோளாறு கண்டறிதல் என்பது மற்றவர்களுக்கும் இந்த எல்லைக்குள் பொருளுள்ள சொல்தான். எந்திரத்தின் உடம்பைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது என்று தொழிலாளி சொல்கிறார். செருப்புப் போட்டுக்கொள் என்று பதில் வருகிறது. அந்தச் சுருக், எர்த் கம்பி எங்கோ அறுந்துவிட்டது என்பதற்கான முதல் செய்தியாக இருக்கலாம். தரை ஈரமான ஒரு நாளில் அதே எந்திரம் ஆளைக் கொல்லும். பிளக் சூடாகிறது, ரப்பர் கருகும் வாசனை வருகிறது, பிரேக்கர் ஒரே வாரத்தில் மூன்று முறை விழுகிறது: இவற்றையெல்லாம் எட்டு மணி நேரமும் எந்திரத்தோடு நிற்பவர்தான் முதலில் அறிவார். எலக்ட்ரீஷியனுக்குச் செய்தி வந்தால்தான் தெரியும். விழுந்த பிரேக்கரைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாமல், எந்திரத்தை நிறுத்தி, ஆள் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, என்ன கண்டேன் என்று சரியாகச் சொல்லத் தெரிவது ஒரு திறமை. அரை நாளில் கற்றுத்தந்துவிடலாம்.

இப்போதுதான் கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி வந்துவிட்டதே, இன்னும் ஆளுக்குப் பயிற்சி எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. கருவியின் அருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் ஐம்பதுகளில் உருவாக்கியதும், டால்ஸியல் தம் அளவீடுகளை வைத்து 1961இல் வடிவமைத்ததும் எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கின்றன. நம் ஊரில் வழக்கமான கருவி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். ஆனால் எர்த்தைத் தொடாமல் ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கைகளில் பிடித்தால் அதற்குத் தெரியாது. அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க ஒரு கை வேண்டும். அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்று அதைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுப்பவர், ஃபியூஸ் கட்டையில் செம்பு இழையை முறுக்கியவரின் வாரிசு. கருவி மாறிவிட்டது, காரணம் சொல்லாத பழக்கம் மாறவில்லை.

சட்டமும் அசையாமல் இருந்துவிடவில்லை. போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 111ஏ பிரிவு, பாதுகாப்பு பற்றிய தகவல் பெறுவதையும் பயிற்சி பெறுவதையும் தொழிலாளியின் உரிமையாகவே எழுதியது. 1956 விதிகளின் இடத்தில் 2010இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. படமும் மாறிக்கொண்டு வருகிறது. புதியவற்றில் குப்புறக் கிடந்தவர் மல்லாந்து கிடக்கிறார், அழுத்தும் கைகள் முதுகை விட்டு நெஞ்சுக்கு வந்துவிட்டன. எழுத்து மட்டும் இன்னும் ஆங்கிலமும் தமிழும்தான். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இன்று எந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். ஒடியா மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த மரச்சட்டத்துக்குள் இருப்பது வெறும் சித்திரம். அவருக்கு மெயின் சுவிட்ச் எது என்று விரலால் தொட்டுக் காட்டவும், தரையில் ஒரு பொம்மையைக் கிடத்தி நெஞ்சில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவர் கையைப் பிடித்து அழுத்திக் காட்டவும் எந்த மொழியும் தடையில்லை. இதயம் நின்று நான்கு நிமிடம் போல ஆனால் மூளை சிதையத் தொடங்கும். அதற்குள் அங்கே இருப்பவை அவருடைய கைகள்தான்.