மலையேறியவரின் கையில் பஸ் அட்டவணை

வட இங்கிலாந்தின் கெண்டல் நகராட்சியில் பொருளாளராக இருந்த ஆல்ஃபிரட் வெய்ன்ரைட், 1952 நவம்பர் 9ஆம் தேதி டவ் கிராக் என்ற மலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி முடித்தார். வரைபடம், ஓவியம், எழுத்து எல்லாம் பேனாவால் தன் கைப்பட. லேக் டிஸ்ட்ரிக்ட் வட்டாரத்து மலைகளை ஒன்றுவிடாமல் ஏறிப் பார்த்து இதேபோல் பதிவுசெய்ய வேண்டும் என்பது அவர் போட்ட திட்டம். அதற்கு அவர் குறித்த காலம் 13 ஆண்டுகள். கணக்கு எழுதிப் பழகிய மனிதர். ஒரு வாரம் மீதம் வைத்தே முடித்துவிட்டார். 1955 முதல் 1966 வரை வெளிவந்த அந்த ஏழு நூல்களில் 214 மலைகள் இருக்கின்றன. இன்று அந்த மலைகளுக்கே ‘வெய்ன்ரைட்டுகள்’ என்று பெயர்.

இத்தனை மலை ஏறியவரிடம் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. வார இறுதியில் கெண்டலில் பஸ் ஏறி, மலையடிவாரத்தில் இறங்கி, நடந்து முடித்து மறுபடியும் பஸ் பிடித்து வீடு திரும்புவார்.

காரில் வருகிறவர் வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். அதனால் அவர் நடை ஒரு வட்டம். பஸ்ஸில் வருகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் ஏறி, முகடு முழுவதும் நடந்து, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கி அங்கே வரும் பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது மனதில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பனிமூட்டத்தில் வழி தவறினால் இரவு அங்கேதான். பஸ்ஸில் போகிறவருக்கு அட்டவணையும் வரைபடத்தைப் போலவே அவசியமான பொருள்.

இந்த மலைநாட்டுக்குள் யார் வரலாம் என்ற சண்டை பஸ்ஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1844இல் கெண்டலிலிருந்து விண்டர்மியர் ஏரிப் பக்கம் ரயில் பாதை போடும் பேச்சு எழுந்தபோது, ரைடலில் வாழ்ந்துவந்த கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் கொதித்துப்போனார். ஒரு சானெட் எழுதினார், செய்தித்தாளுக்குக் கடிதங்கள் அனுப்பினார். லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்குவதால் அவர்களுக்கும் பயனில்லை, ஏரிக்கும் நல்லதில்லை என்பது அவர் வாதம். அது எடுபடவில்லை. 1847இல் ரயில் வந்தது. ஆனால் பெர்த்வெய்ட் என்ற சிற்றூரோடு நின்றது. நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு ஏரியின் பெயரே ஒட்டிக்கொண்டு, அது விண்டர்மியர் ஆயிற்று. அங்கிருந்து ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் என்று வடக்கே போகிற பாதையில் ரயில் என்றைக்குமே ஓடியதில்லை.

அந்த இடைவெளியை முதலில் நிரப்பியவை குதிரை வண்டிகள். கெஸிக் நகரத்து விடுதிகளிலிருந்து போரோடேல் வழியாக ஹானிஸ்டர் கணவாய் ஏறி, பட்டர்மியர் ஏரியைப் பார்த்துத் திரும்பும் ஒரு நாள் சுற்றுலா விக்டோரியா காலத்தில் பெயர்பெற்றது. செங்குத்தான இடங்களில் குதிரைகளால் இழுக்க முடியாது. காசு கொடுத்த பயணிகளே இறங்கி நடந்தார்கள்.

முதல் உலகப் போர் முடிந்ததும் மோட்டார் பஸ் வந்தது. 1919இல் தொடங்கிய ரிப்பிள் மோட்டார் சர்வீசஸ், பிரெஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு லங்காஷயர் ஆலை ஊர்களையும் லேக் டிஸ்ட்ரிக்டையும் இணைத்தது. மேற்குக் கரைப் பக்கம் கம்பர்லண்ட் மோட்டார் சர்வீசஸ் ஓடியது. பருத்தி ஆலை ஊர்களில் கோடையில் ஒரு வாரம் ஊரே கதவடைத்து விடுமுறை எடுக்கும் வழக்கம் இருந்தது. வேர்ட்ஸ்வொர்த் அஞ்சிய அதே மக்கள், ரயிலிலும் பஸ்ஸிலுமாக மலையடிவாரம்வரை வந்தார்கள்.

வெய்ன்ரைட்டும் அவர்களில் ஒருவர்தான். பிளாக்பர்ன் என்ற நெசவு நகரத்தில் 1907இல் பிறந்து, 13 வயதில் பள்ளியை விட்டு நகராட்சி அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1930இல் காசு சேர்த்து, ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவரோடு ஒரு வார நடைக்காக விண்டர்மியர் வந்தார். நிலையத்துக்கு எதிரே தொடங்கும் பாதையில் 239 மீட்டர் உயரமுள்ள ஓரஸ்ட் ஹெட் குன்றின்மேல் ஏறினார். கீழே நீண்டு கிடந்த ஏரியும் பின்னால் அடுக்கடுக்காக நின்ற மலைகளும் அவரைப் பிடித்துக்கொண்டன. 1941இல் கெண்டலில் வேலை கிடைத்ததும், சம்பளக் குறைவைப் பொருட்படுத்தாமல் குடிபெயர்ந்தார். முதல் நூலின் 2,000 பிரதிகளை அச்சடிக்க 950 பவுண்டு தேவைப்பட்டபோது அவர் கையில் இருந்தது 35 பவுண்டு. விற்றபின் கொடுத்தால் போதும் என்று அச்சகத்தார் காத்திருந்தார்கள்.

நூல்கள் லட்சக்கணக்கில் விற்றன. வாசகர்களோ காரில் வந்தார்கள். 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதிக்கு அருகே, 1970 வாக்கில் எம்6 நெடுஞ்சாலையும் வந்து சேர்ந்தது. அதே காலத்தில் ரயில் சுருங்கியது: கோனிஸ்டன் கிளைப் பாதையில் 1958இல் பயணிகள் ரயில் நின்றது, கெஸிக் நிலையம் 1972இல் மூடப்பட்டது. வெய்ன்ரைட்டுமே பிற்காலத்தில், 1970இல் மணந்த இரண்டாம் மனைவி பெட்டி என்பவர் கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து மலைகளுக்குப் போனார்.

பஸ்ஸுக்குப் பெரிய அடி 1986 அக்டோபர் 26 அன்று விழுந்தது. லண்டனுக்கு வெளியே எந்த நிறுவனமும் தனக்குக் கட்டுப்படியாகும் வழித்தடத்தில் பஸ் விடலாம், நட்டத்தில் ஓடும் தடம் மக்களுக்குத் தேவை என்றால் உள்ளாட்சி மன்றம் பணம் கொடுத்து ஓட்டிக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. அரசுடைமையாக இருந்த கம்பர்லண்ட், ரிப்பிள் நிறுவனங்கள் தனியார்மயமாகி, 1980களின் முடிவுக்குள் ஸ்டேஜ்கோச் கைக்குப் போயின. 2014இல் கம்ப்ரியா மாவட்ட மன்றம் பஸ்ஸுக்குக் கொடுத்த மானியத்தை அடியோடு நிறுத்த முடிவெடுத்தது. தாமாகவே லாபம் பார்க்கும் தடங்கள்தான் பிழைக்க முடியும் என்ற நிலை வந்தது.

அப்படிப் பிழைத்தவற்றில் முதன்மையானது 555. கெண்டல், விண்டர்மியர், ஆம்பிள்சைடு, கிராஸ்மியர், கெஸிக் என்று மலைநாட்டின் நடுவே வடக்கு நோக்கிப் போகும் மாடி பஸ். ரைடலில் இறங்கினால், கிராஸ்மியர்வரை ‘சவப்பெட்டிப் பாதை’ கிடைக்கும். ஆம்பிள்சைடில் இடுகாடு இல்லாத காலத்தில் கிராஸ்மியர் தேவாலயத்துக்குப் பிணங்களைச் சுமந்துபோன மலைச்சரிவு வழி அது. சுமையை இறக்கி இளைப்பாறிய கல்லை இன்றும் காட்டுகிறார்கள். இன்னும் வடக்கே, மான்செஸ்டரின் குடிநீருக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அணை கட்டி உயர்த்திய தேர்ல்மியர் ஏரி. பழைய வித்பர்ன் சிற்றூரில் நீருக்குத் தப்பிய தேவாலயத்தின் பக்கத்திலிருந்து 950 மீட்டர் உயர ஹெல்வெலினுக்கு ஏறலாம். மறுபக்கம் அல்ஸ்வாட்டர் ஏரிப் பக்கமாக இறங்கினால் பென்ரித் செல்லும் 508 கிடைக்கும். வட்டமடிக்காமல் ஒரு மலையைக் குறுக்காகக் கடப்பது இப்படித்தான்.

சாலை இருந்தால்தான் பஸ். 2015 டிசம்பர் 5 அன்று ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. பிரிட்டனில் அதுவரை பதிவாகாத அளவு. கிராஸ்மியருக்கும் கெஸிக்குக்கும் நடுவே ஏ591 சாலை பெயர்ந்து விழுந்தது. 2016 மே மாதம் சாலை திறக்கும்வரை 555 தன் முழுத் தடத்தில் ஓட முடியவில்லை. நடப்பவர்களோடு, வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களும் அவதிப்பட்டார்கள்.

சுற்றுலாப் பயணிகளின் கட்டணமே பல தடங்களுக்கு உயிர். கோடையில் மாடியில் கூரையில்லாத பஸ்கள் நிரம்பி வழியும். அந்த வருமானம் இல்லாத குளிர்காலத்தில் ஓட்டங்கள் குறையும். இங்கிலாந்து முழுக்க ஒருவழிக் கட்டணத்துக்கு 2023 ஜனவரியில் 2 பவுண்டு உச்சவரம்பு வந்தபோது, கெண்டலிலிருந்து கெஸிக்வரையான நீண்ட பயணமும் அதற்குள் அடங்கியது. 2025 ஜனவரியில் வரம்பு 3 பவுண்டாக உயர்ந்தது. பழைய குதிரை வண்டிச் சுற்றுலாவின் தடத்தில் இன்று கெஸிக்கிலிருந்து போகும் பஸ், ஹானிஸ்டர் ஏறிப் பட்டர்மியர் தொட்டுத் திரும்புகிறது. அதுவும் வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம்வரைதான். மற்ற மாதங்களில் கார் இல்லாதவர் கெஸிக்கிலிருந்து பட்டர்மியருக்கு நியூலண்ட்ஸ் கணவாய் வழியே நடந்தால், போக மட்டும் ஏறக்குறைய 14 கிலோமீட்டர்.