கருக்குழாய் அடைப்புச் சோதனைகள்

கர்ப்பப்பையின் இரு புறங்களிலிருந்தும் அண்டாசயங்களை நோக்கிச் செல்லும், ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள கருக்குழாய்களில் அடைப்பு உண்டா என்பதை, மகப்பேறு வாய்க்காத ஸ்திரீகளிடத்தில் அறிவதற்குக் கையாளப்படும் வைத்திய முறைகள் இப்பெயரால் வழங்கும். 1561இல் இத்தாலிய உடற்கூற்று நிபுணர் கேப்ரியேல் பலோப்பியோ இக்குழாய்களை விவரித்து எழுதிய பின்பும், சுமார் மூன்றரை நூற்றாண்டுக் காலம், வயிற்றைக் கீறாமல் இவற்றின் நிலையை அறிய மார்க்கம் இல்லாதிருந்தது.

அக்குறையைத் தீர்த்தவருள் முதன்மையானவர் நியூயார்க் வைத்தியர் இசிடோர் ரூபின். 1919இல் அவர் கர்ப்பப்பையின் வாய் வழியே பிராணவாயுவை மிதமான அழுத்தத்தில் செலுத்திப் பார்க்கும் முறையைத் தொடங்கினார். விரைவில் உடலில் கரையும் கரியமிலவாயு பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. குழாய் வழியே வயிற்றறையை அடைந்த வாயு உதரவிதானத்தின் கீழ்த் தங்க, எழுந்து உட்கார்ந்த ஸ்திரீக்குத் தோளில் வலி தோன்றும். அவ்வலியே குழாய் திறந்திருப்பதற்குச் சான்றாயிற்று. ஆயினும் திறந்தது ஒரு குழாயா இரண்டுமா, அடைப்பு எவ்விடத்தது என்பவற்றை அது சொல்லவில்லை.

அவற்றைக் காட்டியது, அயோடின் கலந்த திரவத்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம். மாதவிலக்கு நின்ற பின், அண்டம் வெளிப்படுமுன் எடுக்கப்படும் இப்படத்தில், அச்சத்தாலும் வலியாலும் தசை இறுகிய குழாயும் அடைபட்டதுபோலவே தோன்றக்கூடுமாதலின், ஒரே படத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் வாழ்வுக்குத் தீர்ப்பெழுதுதல் தகாது. சோதனையே சிகிச்சையாவதும் உண்டு: 2017இல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சியில், இப்படத்துக்காகத் தண்ணீரில் கரையும் அயோடின் திரவம் பெற்றோருள் ஆறு மாதத்துக்குள் 29 சதவீதத்தினரும், எண்ணெய் வகைத் திரவம் பெற்றோருள் 40 சதவீதத்தினரும் கருவுற்றனர்.

மயக்கமருந்து கொடுத்து, தொப்புளருகே நுழைக்கும் லேப்ராஸ்கோப் கருவியால், கர்ப்பப்பை வழியே செலுத்திய நீலச்சாயம் குழாய் நுனியில் வடிவதை நேரே காண்பதே ஐயந்தீர்க்கும் முறை. குழாயைச் சுற்றிய ஒட்டுதல்களும் அதில் தெரியும். கதிர்வீச்சற்ற ஸ்கேன் முறையில் உப்புநீரோ நுரையோ செலுத்தப்படுகிறது.

இவையனைத்தும் வழி திறந்திருப்பதை அறிவிக்குமேயன்றி, அண்டத்தை நகர்த்தும் உட்புற நுண்மயிர்கள் நலமாயுள்ளனவா என்பதை அறிவிக்கமாட்டா. நம் நாட்டில் இவ்வுறுப்பைக் கெடுக்கும் காரணங்களுள் க்ஷயரோகம் முக்கியமானதாகையால், அதற்கான பரிசோதனையும், ஆணின் விந்துப் பரிசோதனையும் முந்தி நடைபெறவேண்டும். தொற்றுநோய் தணியாதிருக்கும்போது திரவத்தையோ வாயுவையோ உட்செலுத்தினால், அந்நோய் வயிற்றறைக்குள் பரவும் அபாயம் உண்டு.