லாமேட்டாப் பாறைகள் காத்த எலும்புகள்

ஜபல்பூரை அடுத்து, பளிங்குப் பாறைகளினூடே நர்மதை பாயும் அழகைக் காணச் செல்வோர் பலர். அந்நதிக்கரையில் லாமேட்டா காட் என்றொரு துறை உண்டு. மத்திய இந்தியாவிலும் குஜராத்திலும் ஆங்காங்கே வெளிப்பட்டுக் கிடக்கும் ஒரு பாறைத் தொகுதிக்கு நிலநூலார் அத்துறையின் பெயரையே இட்டிருக்கின்றனர். பச்சை மணற்கல், சுண்ணாம்புக்கல், களிமண் எனப் பல அடுக்குகளைக் கொண்ட அத்தொகுதியின் வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள். நம் அரியலூர்ப் பகுதியைக் கடல் மூடியிருந்த யுகம் அது. அங்கே கடற்சிப்பிகள் கல்லாயின. இங்கே டைனோசார்களின் எலும்புகள் கல்லாயின. பின்னர்த் தக்காணத்து எரிமலைக் குழம்பு மேலே படர்ந்து அவற்றை மூடிற்று.

1828ஆம் ஆண்டில் ஜபல்பூரின் பாரா சிம்லா குன்றருகே அவ்வெலும்புகளுட் சிலவற்றைக் கண்டெடுத்தவர் வில்லியம் ஸ்லீமன். வழிப்போக்கரைக் கொன்று கொள்ளையிட்ட தக்கர்களை ஒடுக்கியவரெனப் பெயர் பெற்ற அதிகாரி அவர். தம் கையிலிருப்பது இன்னதென அறிய அவருக்கு வழியில்லை. டைனோசார் என்னும் இனப்பெயரே 1842இல்தான் ரிச்சர்டு ஓவனால் படைக்கப்பட்டது.

மருத்துவர் ஸ்பில்ஸ்பரி வாயிலாக அவ்வெலும்புகள் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப்பை அடைந்தன. அசோகனின் கல்வெட்டுகளைப் பின்னாளில் படித்தறிந்த பேரறிஞர் அவர். எனினும் இக்கற்களின் செய்தி விளங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1877இல் ரிச்சர்டு லிடெக்கர் அவ்விலங்கிற்கு ‘டைட்டானோசாரஸ் இண்டிகஸ்’ எனப் பெயரிட்டார். நீண்ட கழுத்தும் வாலும் கொண்ட, தழையுண்ணும் பெருவிலங்கு அது. 1917 முதல் 1919 வரை சார்லஸ் மாட்லி அதே குன்றில் அகழ்ந்து மேலும் பல எலும்புகளை வெளிக்கொணர்ந்தார்.

பெயரிடுதற்கு ஆதாரமான வாலெலும்போ நெடுங்காலம் காணாமற்போனதென்றே கருதப்பட்டது. 2012இல் கல்கத்தாவிலுள்ள இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சேமிப்பிலேயே அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது! 7 கோடி ஆண்டு பாறை காத்த பொருளை நூறாண்டளவு காப்பது நமக்கு அரிதாயிற்று.

லாமேட்டாப் பாறைகள் இன்னும் முற்றும் படிக்கப்படவில்லை. குஜராத்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, ஊனுண்ணும் ‘ராஜாசாரஸ்’ 2003இல் அறியப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்த செய்தி 2023இல் வெளியாயிற்று.

தொழிலின் பொருட்டு நர்மதைக் கரையில் குடியேறிய தமிழன்பர்கள் இவற்றைப் பிறர் செல்வமென ஒதுக்கலாகாது. வாழும் ஊரின் தொன்மையை அறிவதும், கண்ட கல்லைப் பெயர்த்தெடுக்காது அறிந்தோர்க்கு அறிவிப்பதும் அவ்வூரார் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.