இமைப்பொழுதும் இரண்டு குடம் தண்ணீரும்

வினாடி என்ற சொல்லை நான் தண்ணீரில்தான் கற்றேன். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று நாளிதழில் வருமே, அந்த நாலு வரியை எங்கள் மார்க்கையன்கோட்டை டீக்கடையில் தலைப்புச் செய்திக்கு முன்னால் படிப்பார்கள். லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. முதல் போகத்துக்கு ஜூனில் திறக்கும்போது பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100, ஆக 300 கன அடி என்பது வழக்கமான கணக்கு. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர், அதாவது இரண்டு குடம். வாய்விட்டு ஒரு எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் 600 குடம் போய்விடுகிறது.

1895 அக்டோபரில் பென்னிகுயிக் கட்டிய அணை திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரை வயலுக்கு வயல் திருப்பிவிடும் நீர்பாய்ச்சி வேலையைத் தாத்தா பார்த்தார். கைக்கடிகாரம் கட்டியதில்லை. முறைத் தண்ணீரை நிழலையும் விண்மீனையும் பார்த்து மாற்றுவார். அவர் பஞ்சாங்கத்தில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. கணக்குப் போட்டால் அந்த விநாடி இன்றைய வினாடியில் 24. சொல் அப்படியே நிற்க, அளவு மட்டும் இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 1967இல் உலகம் வினாடிக்குப் புது இலக்கணம் வகுத்தது: சீசியம் அணு வெளியிடும் குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வு. தாத்தா அதை அறியார். ஆனால் வினாடியை விடச் சிறிய பொழுது ஒன்று அவர் குதிகாலில் இருந்தது.

மடை அடைப்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது புரியும். இரண்டு பக்கமும் களிமண் போட்டு நெருக்கிக்கொண்டே வர, நடுவில் ஒரு சாண் இடைவெளி மிஞ்சும். அங்கேதான் தண்ணீர் முழு வேகத்தையும் காட்டும். கடைசி மண்வெட்டி மண் விழுந்த மாத்திரத்தில் குதிகால் அதன்மேல் இறங்க வேண்டும். மண்ணும் காலும் ஒன்றாக விழவேண்டும் என்றே சொல்லலாம். கொஞ்சம் பிந்தினால் மண் கரைந்து ஓடிவிடும், மறுபடி முதலிலிருந்து வெட்ட வேண்டும். “இமை கொட்டுற நேரந்தான் அப்பு, அதுக்குள்ள மிதிச்சிரணும்” என்பார்.

இமை என்று அவர் சொன்னது பழைய அளவு. தொல்காப்பியம் மாத்திரைக்குச் சொல்லும் இலக்கணம் கண் இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதும்தான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இலக்கணக்காரர்கள் அதோடும் விடவில்லை. ஒரு சொடக்கையே நான்காகப் பிரித்தார்கள்: போட நினைக்கும்போது கால் மாத்திரை, விரல்மேல் விரலை ஊன்றும்போது அரை, முறுக்கும்போது முக்கால், விடும்போது ஒன்று. எந்தக் கருவியும் கையில் இல்லாத காலத்தில், நினைப்பதற்கும் நேரம் ஆகிறது என்று கண்டு அதற்கு ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பது வருடம் இயற்பியல் நடத்தினேன். அளவியல் பாடத்தை நான் தொடங்கியது ஒவ்வொரு வருடமும் இந்தச் சொடக்கில்தான்.

அடுத்த வகுப்பில் பையன்களை உள்ளங்கையை வானம் பார்க்க நீட்டச் சொல்வேன். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் தரையிலிருந்து 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றோடு மோதும்போது மியூவான் என்ற துகள் பிறக்கிறது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒரு வினாடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டு இரண்டு கூறும் சொச்சமும் எடுத்தால் அதுதான் அதன் வாழ்நாள். அந்தப் பொழுதுக்குள் ஒளியே 660 மீட்டர்தான் ஓடும். அப்படியானால் மியூவான் பாதி வழிகூட வரக்கூடாது. ஆனாலும் தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுந்துகொண்டே இருக்கிறது. நீட்டிய உள்ளங்கை வழியே சொடக்குக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

காரணம், ஒளியை ஒட்டிய வேகத்தில் போகிற துகளின் ஆயுள் நம் கணக்கில் நீளுகிறது. இத்தகைய துகளின் ஆயுள் இப்படி நீளவேண்டும் என்று 1938இல் எழுதியவர்களில் ஒருவர் ஹோமி பாபா. 1945இல் அவர் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பி. வி. ஸ்ரீகண்டன், 1950களின் தொடக்கத்திலேயே மியூவானைத் தேடிக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார். ஆழம் கூடக்கூட மியூவான் குறைந்துகொண்டே போனது. அது கிட்டத்தட்ட ஒழிந்த இடத்தில், பாறையையும் பூமியையும் ஊடுருவி வரும் நியூட்ரினோ என்ற துகளைத் தேடலாம் என்று தோன்றியது. 1965இல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தன. உலகில் முதன்முதலாகப் பிடித்தவர்களில் அவர்கள் அடக்கம். அந்தச் சுரங்கத்தை வெட்டியதில் வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்களின் கை பெரிது. அறிவியல் வரலாற்றில் இவர்களையும் எழுதவேண்டும் என்பது என் கட்சி. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பிறகு தண்ணீர் ஏறி நிரம்பிவிட்டது.

கோலாரில் விட்ட நியூட்ரினோ ஆய்வைத் தொடரத் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் ஊருக்கு வடமேற்கே, பொட்டிபுரத்துக்கு மேலே நிற்கும் மலை. அதைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, உள்ளே 50,000 டன் இரும்பு என்பது திட்டம். மலையின் பாறை, மேலிருந்து வரும் மியூவானில் பத்து லட்சத்தில் ஒன்றைத்தான் விடும். இரும்புத் தகடுகளுக்கு இடையே கண்ணாடிக் கருவிகள்.

அதன் சிறு மாதிரியை மதுரையில் மாணவர்களோடு பார்த்தேன். 85 டன். இரண்டு கண்ணாடிக்கு நடுவே 2 மில்லிமீட்டர் சந்து, அதில் வாயு, ஏறத்தாழ 10,000 வோல்ட் மின்னழுத்தம். துகள் கடந்தால் அந்த இடத்தில் ஒரு பொறி. திரையில் புள்ளிகள் மேலிருந்து கீழாகக் கோடு கட்டின, அழிந்தன, அடுத்தது வந்தது. நானோ வினாடி அளவுக்கு நேரம் குறிக்கிறார்கள். ஒரு நானோ வினாடியில் ஒளி போவது 30 சென்டிமீட்டர், நம் பள்ளிக்கூட அடிக்கோலின் நீளம். எந்தத் தகடு முந்தியது என்று தெரிந்தால் துகள் மேலிருந்து வந்ததா, பூமியைத் துளைத்து வந்த நியூட்ரினோவால் கீழிருந்து எழுந்ததா என்று சொல்லிவிடலாம். ஒரு பையன் கேட்டான்: “சார், மேல எதும் விழுந்த மாதிரியே தெரியலையே?” நல்ல கேள்வி. அவன் பிறந்ததிலிருந்து விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாயில் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பும் வழக்குகளும் வந்தன. 2022இல், அது புலிகளின் வழித்தடம், அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மலையைக் குடைந்தால் ஊற்று என்னாகும், வெடி வைத்தால் அணை என்னாகும் என்று ஊர் கேட்டதை நான் இலேசாக எண்ணியதில்லை. தண்ணீரை வினாடிக் கணக்கில் படிக்கிறவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனாலும் கோலாரில் அறுந்த நூல் இங்கே முடிச்சுப் போடப்படாமல் தொங்குவது எனக்கு ஆறாத மனக்குறை. இரண்டும் எனக்குள் சேர்ந்தே கிடக்கின்றன.

போன ஜூனில் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு நாற்றங்கால் பக்கம் போனேன். இடது உள்ளங்கையை வானுக்குக் காட்டி, வலது கையால் சொடக்குப் போட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நாற்பதில் நிறுத்தி, “தாத்தா, கை வலிக்குது” என்றாள். மடையில் ஆள் இல்லை. நானே மண்வெட்டியை எடுத்தேன். கடைசி மண்ணைப் போட்டு மிதிப்பதற்குள் அது கரைந்து போயிருந்தது.