ஊரோடு இடம் கேட்டு விளம்பரம் போட்ட ஊர்

நோர்வேயின் வரைபடத்தை எடுத்து அதன் வடகிழக்கு மூலையைப் பாருங்கோ. வராங்கர் என்ற குடாக்கடல் நிலத்துக்குள் ஆழப் புகுந்து கிடக்கும். வடகரையில் வட்சோ பட்டினம். அதற்கு எதிரே தென்கரையில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய மீனவர் கிராமம்தான் புகொய்னெஸ். ரஷ்யாவோடும் பின்லாந்தோடும் எல்லை கொண்ட தென்வராங்கர் நகரசபைக்கு உட்பட்ட ஊர் இது. இன்று சனத்தொகை 200 பேர் அளவில்தான். ஒஸ்லோவிலும் பேர்கனிலும் இருக்கிற எங்கட ஆக்கள் பலர் இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டினம். ஆனால் இந்த ஊரின் சரித்திரத்தைக் கேட்டால் எங்கட கதையைப் போலவே இருக்கும்.

நான் மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவன். என்னோடு ஒரே வரியில் நின்று மீன் வெட்டும் ஒருவரின் தாய்வழி ஊர் இது. போன கோடையில் தன்னுடைய வள்ளத்தில் வட்சோவிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தெருவால் போவதென்றால் குடாவை முழுதாகச் சுற்றி 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேணும். கடலால் போனால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். 1962 வரைக்கும் இந்த ஊருக்குத் தெருவே இருக்கவில்லை. தபால், மா, சீனி, நோயாளி, பிணம் எல்லாம் கடலால்தான். நெடுந்தீவுக்காரருக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இங்கே குடியேறியவர்களில் பெரும்பாலானோர் பின்லாந்து மொழி பேசியவர்கள். நோர்வேயில் இவர்களைக் 'குவேன்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடபின்லாந்திலிருந்து கால்நடையாக வந்தவர்கள். 1866 முதல் 1868 வரை பின்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். கடலில் மீன் இருக்கிறது, பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்ற ஒரே நம்பிக்கைதான். அந்தக் காலத்தில் வட்சோ பட்டினத்திலேயே பாதிக்கு மேற்பட்டோர் இவர்கள்தான். புகொய்னெசைச் 'சின்னப் பின்லாந்து' என்று இன்றும் சொல்கிறார்கள்.

இவர்களைக் கண்டு நோர்வே அரசு பயந்தது. ரஷ்யாவோடு எல்லை போட்டது 1826இல்தான். பின்லாந்து அப்போது ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் இருந்தது. எல்லையில் வேறு மொழி பேசும் சனம் பெருகினால் நாளைக்கு எந்தப் பக்கம் சாய்வார்களோ என்ற சந்தேகம். ஆகவே பள்ளிக்கூடங்களில் நோர்வே மொழியே கட்டாயமானது. 1902ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பின்மார்க்கில் அரச காணி வாங்குவதென்றால் நோர்வே மொழி பேசவும் வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேணும், அதை நாளாந்தம் பாவிக்கவும் வேணும். மொழியையும் காணியையும் ஒரே கயிற்றில் கட்டினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா?

என்னைக் கூட்டிப்போனவரின் மாமா ஒருவர் கோப்பி தந்து கதைத்துக்கொண்டிருந்தார். "வீட்டில் அம்மா பின்லாந்து மொழியில்தான் ஏசுவா. பள்ளிக்கூடத்தில் அதே மொழியில் கதைத்தால் வாத்தியார் ஏசுவார். பிறகு நாங்கள் பிள்ளைகளோடு அதைக் கதைக்காமல் விட்டுட்டம்" என்றார். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த மொழியில் எண்ணிக்கை மட்டும் சொல்லுவினம்.

இந்த ஊரில் இன்னொரு புதினம், பழைய மரவீடுகள் அப்படியே நிற்பது. 1944 இலையுதிர் காலத்தில் சோவியத் படை முன்னேறி வர, பின்வாங்கிய ஜேர்மன் படை பின்மார்க்கையும் வட துரொம்சையும் வீடு வீடாக எரித்துக்கொண்டு போனது. 50,000 பேரளவில் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள். போக மறுத்தவர்கள் குகைகளிலும் மண்குடிசைகளிலும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். கிர்க்கெனெஸ் பக்கத்துச் சுரங்கம் ஒன்றுக்குள் 3,000 பேரளவில் ஒளிந்திருந்தார்கள். அங்கேயே 10 குழந்தைகள் பிறந்தன. எரியாமல் தப்பிய மிகச் சில ஊர்களில் புகொய்னெசும் ஒன்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்துக்குள் 5 வயதுப் பொடியனாக நானும் நடந்தவன். அதனால் அந்த மரவீடுகளைப் பார்த்தபோது ஒன்றும் பேச வரவில்லை.

சண்டையில் தப்பிய ஊர் சமாதான காலத்தில் தொழில் இல்லாமல் விழுந்தது. 1980களில் கடலில் மீன் குறைந்தது. 1987இல் பட்டினி கிடந்த கடல்நாய்கள் வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வந்து வலைகளையும் மீனையும் நாசமாக்கின. ஊரின் மீன் தொழிற்சாலையும் முறிந்து போனது. 1989இல் ஊர்ச்சனம் ஒரு காரியம் செய்தார்கள். ஒஸ்லோப் பத்திரிகையான 'டாக்பிளாடெ'யில் விளம்பரம் போட்டார்கள். எங்களை ஊரோடு ஒன்றாகக் குடியமர்த்த யாராவது இடம் தருவீர்களா என்பதுதான் அதன் சாரம். தனித்தனியாக ஓடித் தப்பியிருக்கலாம். அவர்கள் கேட்டது எல்லோருக்கும் சேர்த்து. நாடு முழுக்க அதைப்பற்றிப் பேச்சாகிவிட்டது.

கடைசியில் ஊர் பெயரவில்லை. காப்பாற்றியது ஒரு நண்டு. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பசுபிக் கடலிலிருந்து கொண்டுவந்து மூர்மான்ஸ்க் பக்கம் விட்ட ராச நண்டு, எல்லை தாண்டி வராங்கர் குடாவுக்குள் பரவியது. முதலில் வலையைக் கிழிக்கும் சனியன் என்று திட்டினார்கள். பிறகு அதற்கு உலகச் சந்தையில் விலை வந்தது. 2002இல் நோர்வே அதை வியாபாரத்துக்குப் பிடிக்க அனுமதித்தது. இன்று புகொய்னெசிலிருந்து நண்டு உயிரோடு விமானம் ஏறுகிறது.

வேலை திரும்பி வந்தது. ஆனால் மொழி அப்படித் திரும்பி வரவில்லை. 1998இல் குவேன் மக்களைத் தேசிய சிறுபான்மையினர் என்றும், 2005இல் அவர்களுடைய பேச்சை ஒரு தனிமொழி என்றும் அரசு ஏற்றுக்கொண்டது. 2024 நவம்பரில் நோர்வேப் பாராளுமன்றம் சாமி மக்களிடமும் குவேன் மக்களிடமும் காட்டுப் பின்லாந்தியரிடமும் மன்னிப்புக் கேட்டது. நல்ல விஷயம். ஆனால் மன்னிப்பு வரும்போது அந்தக் கிழவரின் பேரப்பிள்ளைகளிடம் எண்ணிக்கைதானே மிஞ்சியிருக்கிறது.

எங்களுக்கு இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. வீட்டில் தமிழ் கதைத்தால் ஒருவரும் காணியைப் பறிக்க வரமாட்டார்கள். வேலை முடிந்து களைத்து வருகிறோம், பிள்ளை நோர்வே மொழியில் கேட்கிறது, நாங்களும் அதிலேயே மறுமொழி சொல்லிவிடுகிறோம். அவர்களை அரசு தடுத்தது. எங்களைத் தடுக்கிறது எங்கட அலுப்புத்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு மணித்தியாலம் படிப்பதை மற்ற ஆறு நாளும் குசினியில் கதைத்தால்தான் பிள்ளைக்கு ஒட்டும்.

வள்ளத்தில் ஏறும்போது அந்தப் பெரியவர் என்னிடம், "உங்கட பிள்ளைகள் உங்கட பாஷை கதைப்பினமோ?" என்று கேட்டார். "கதைப்பினம்" என்றேன். அந்தச் சொல்லை மெய்யாக வைத்திருப்பது இந்த வருசமும் எங்கட கையில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.