வக்காலத்து இல்லாத வக்கீல்

ராஜாஜியைக் கவர்னர் ஜெனரலாகவும் முதல்வராகவும் 'சக்கரவர்த்தித் திருமகன்' ஆசிரியராகவும் நாம் அறிவோம். வக்கீல் தொழிலை உதறிய பிறகு அவர் வாதாடிய ஒரு வழக்கைப் பற்றி நம் இளைய தலைமுறையினர் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

பெங்களூர்வாசியான எனக்கு, அவர் எங்கள் ஊரில் படித்தவர் என்ற பெருமை உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, பி.ஏ. படித்தது இங்குள்ள சென்ட்ரல் காலேஜில்தான். பின்னர் சென்னையில் சட்டம் பயின்று, 1900-ல் சேலத்தில் பிராக்டிஸ் ஆரம்பித்தார். நல்ல பெயரும் வருமானமும் சேர்ந்தன. 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது, கோர்ட்டுகளைப் பகிஷ்கரிக்கும்படி காந்திஜி அழைத்ததும் தொழிலை அடியோடு விட்டார்.

1925-ல் வந்தது சோதனை. திருப்பதிக்கு அருகே திருச்சானூர் கோயிலுக்குள், அந்நாளில் பஞ்சமர் எனப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பக்தர் தரிசனத்துக்காக நுழைந்துவிட்டார். மதத்தை அவமதித்த குற்றத்துக்காக அவருக்குத் தண்டனை கிடைத்தது.

ராஜாஜிக்கு தர்மசங்கடம். கோர்ட்டுக்குப் போனால் விரதம் முறியும். போகாவிட்டால் ஒரு ஏழை பக்தர் தண்டனையை அனுபவிப்பார். அவர் சித்தூர் கோர்ட்டுக்குப் போனார். கதர் உடையில், வக்காலத்தும் இல்லாமல், பீஸும் இல்லாமல் வாதாடினார். அந்த பக்தர் விடுதலையானார். ராஜாஜி செய்தது சரியே என்று காந்திஜியும் எழுதினார்.

அமெரிக்காவின் 2-வது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸும் வக்கீல்தான். பாஸ்டனில் மக்களைச் சுட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களுக்காக, ஊரே எதிர்த்தபோதும் 1770-ல் வாதாடினார். நல்ல வக்கீலுக்கு ஊர் வாயைவிட நியாயம் பெரிது போலும்!

ஆனால் சித்தூரில் விடுதலையானது ஒரு மனிதர்தான். கோயில் கதவு திறக்கவில்லை. அதற்கு வழக்கு போதாது, சட்டமே வேண்டும். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜிக்கு அந்த வாய்ப்பு அமைந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை வக்கீல் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். வைதீகர்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. ராஜாஜி அரசு, அதில் ஈடுபட்டவர்களுக்கு சட்டப் பாதுகாப்பு அளித்து, அவ்வாண்டே ஆலயப் பிரவேசச் சட்டத்தையும் நிறைவேற்றியது.

எதிர்த்தவர்களில் நம்மவர்கள் பலர். முன்னின்று நடத்திய இருவரும் நம்மவர்களே. இரண்டையும் சேர்த்தே நம் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.